பதிமூன்று சைபர்

என் மனைவிக்குத் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு வாலிபன் போன் செய்வான். பெயர் தமிழழகன். வயது இருபத்தாறு. சொந்த ஊர் திருநாவலூர். அவன் தங்கைக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, சாப்பிட்டால் தோல் தடித்துவிடும். இவ்வளவும் அமிர்தம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு எது ஆகாது என்று முப்பத்தொரு வருடத்தில் அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாளா என்று ஆற்றாமையோடு யோசித்தேன். எனக்கு எல்லாமே ஆகும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். அமிர்தத்துக்கு மார்பில் கேன்சர். ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் சும்மா இருந்தது, பிறகு இடுப்பெலும்பில் ஒரு புள்ளியாக மறுபடி தலைகாட்டியது. கள்ளக்குறிச்சியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் சந்தியா டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒரு மாத்திர இருக்குங்க. நல்லா வேல செய்யுது. ஆனா அதுக்கு அளவு போட்டது வெளிநாட்டுல, எழுவது எம்பது கிலோ இருக்கறவங்கள வச்சு. இங்க சென்னையில கொஞ்சம் பேரு சேந்தாங்க. நம்ம ஜில்லால, மலை மேல இருக்கறவங்கள்ல, அந்த ஆராய்ச்சியில ஒருத்தரும் சேரல. அவ்ளோ தூரம் யாரு போவாங்க? அதனால இந்தத் தடவ ஆராய்ச்சியவே இங்க கொண்டாந்திருக்கோம். நாப்பத்திரண்டு கிலோ உடம்பு இதுல எவ்ளோ தாங்கும்னு பாக்கணும். சேர்றது உங்க இஷ்டம். நடுவுல வேணாம்னாலும் வேற வைத்தியம் நிக்காது."

"சேர்றோம்" என்றேன் நான்.

"நீங்க சொல்லுங்கம்மா."

அமிர்தம் என்னைப் பார்த்தாள். "அவரு சொன்னா சரிதாங்க."

"மாத்திர முழுங்கப் போறது அவரு இல்லியே" என்று சொல்லி, டாக்டர் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே டாக்டரும், ஆராய்ச்சிக்கு விவரம் சேர்க்கும் அந்தத் தமிழழகனும் (அவன் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை) அவளுக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டி, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கையெழுத்து வாங்கினார்கள். அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"கேட்டாங்க" என்றாள்.

வயிற்றெரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் ஊர். இரண்டு ஏக்கரில் மரவள்ளி. ஊரில் எனக்குப் பெயர் மனு ஆதிமூலம். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், தெருவிளக்கு எரியவில்லை, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். வந்தவர் பாதி சொல்லும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மீதியை நானே எழுதிவிடுவேன். 'மனுதாரர் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்வது' என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மனுதாரர் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார். அடுத்தவர் என்ன சொல்ல வருகிறார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சில பென்ஷன்கள் வந்தும் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், கை கால் எரிச்சல், சோர்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எண் போட வேண்டும். இல்லையென்றால் சைபர், கொஞ்சம் என்றால் ஒன்று, தாங்க முடியவில்லை என்றால் மூன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நோட்டோடு நேரில் போக வேண்டும். அதுபோக, தினமும் பதினோரு மணி போன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது என்னுடையது. மணி அடித்ததும் அமிர்தம் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவாள். முதல் நாள் ஆறு நிமிடம். மூன்றாம் நாள் ஒன்பது. ஏழாம் நாள் பதினான்கு நிமிடம் இருபது விநாடி. போனிலேயே கணக்கு காட்டுகிறதே, நானா தேடிப் போனேன்? ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் எங்கள் பிள்ளை வெங்கடேசன் ஞாயிற்றுக்கிழமை பேசுவது ஒன்றரை நிமிடம், அதிலும் பாதி "கேக்குதா, கேக்குதா".

எட்டாம் நாள், ஓடாத மோட்டாரைத் துடைக்கும் பாவனையில் கொட்டகைக்குள் போய் நின்றேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.

"தூக்கமே வரலப்பா. நாலு மணிக்கு எழுந்து உக்காந்துகினேன்... அது தெரியலப்பா, எத்தினியோ ஞாபகம் வருது... எங்க அம்மா செத்தப்போ கூட இப்படி ஞாபகம் வரல." பிறகு எதற்கோ சிரித்தாள். வாய் பொத்தாத சிரிப்பு.

நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாளாம். பக்கத்துக் கட்டிலில் நான்தானே இருந்தேன்? இருந்தேன், குறட்டையோடு. அவன் இவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். என் பிள்ளையைவிடச் சின்னவன். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பொறாமை என்பது விவரம் கேட்டு வருகிற சரக்கு இல்லை. வந்து உட்கார்ந்துகொண்டு, அப்புறம் காரணம் தேடச் சொல்கிறது.

மறுநாள் அவனுக்கு முந்திக்கொள்வது என்று பத்தே முக்காலுக்கே அவள் எதிரில் போய் நின்றேன்.

"உனுக்கு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வாந்தி?"

"இல்ல."

"சோர்வு?"

முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க இன்னிக்கு? ஜனங்க கணக்கு எடுக்க வந்த மாதிரி நிக்கறீங்க? நவுருங்க, வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்தேன். போனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்கே நகர்ந்துவிட்டேன். பதினோரு மணிக்கு அடித்தது.

"அம்மாவா?"

"நான் அவங்க வூட்டுக்காரரு. அவ நல்லா இருக்கா."

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்கய்யா."

"தூங்கறா."

"சரிங்கய்யா. நோட்ட மட்டும் அம்மாவையே போடச் சொல்லுங்க. நாளைக்கிப் பண்றேன்."

நாளைக்கு மோட்டார் ரிப்பேர். மறுநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். அதற்கு மறுநாள் சிக்னல் இல்லை, அதாவது நான் இல்லாமல் செய்தேன். அவன் பன்னிரண்டுக்கு அடித்தான், நாலுக்கு அடித்தான். விடாக்கண்டன். நான் கொடாக்கண்டன்.

நோட்டையும் வாங்கிக்கொண்டேன். "நீ ஏன் எழுத்து கூட்டிகினு கஷ்டப்படற? குடு, நான் போட்டுக்கறேன்." முதல் எட்டுப் பக்கத்திலும் அவள் கையெழுத்தில் கோணல் மாணலாக எண்கள் இருந்தன. ஒன்று, ஒன்று, கடைசியில் சோர்வுக்கு ஒரு இரண்டு. நான் அழகாக வரிசையாகச் சைபர் போட்டேன். ஒன்றோ இரண்டோ போட்டால் அவன் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிடுவான் என்று ஒரு பயம். தொந்தரவு ஜாஸ்தி என்று இவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் உண்மையான காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் சமைத்தாள், துவைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து சமைக்க ஆரம்பித்திருந்தாள். வயசாகிறது என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்துக் கேட்டாள். "அந்தத் தம்பி போன் பண்ணுச்சாங்க?"

"அவனுக்கு ஆயிரம் பேரு. உன்ன ஒருத்தியவே பாத்துகினு இருப்பானா?"

அவள் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய், வெறுங்கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். அதை வரப்பில் நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றியது. இதை எழுதும்போது கூசுகிறது, இருந்தாலும் தோன்றியது அதுதான்.

இருபத்தொன்றாம் நாள் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசையாக நாற்காலி. அமிர்தம் உட்கார்ந்தாள், நான் பின்வரிசையில் நோட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அமிர்தத்துக்குப் பக்கத்தில் வெள்ளிமலையிலிருந்து வந்த ராஜாம்பாள் என்ற அம்மா. விடிகாலை பஸ்ஸில் மலை இறங்கி வந்திருந்தாள். இவளுக்கு முன்பே அதே மாத்திரையில் சேர்ந்தவள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் உறவாகிவிட்டார்கள்.

"எங்க பக்கம் வூட்டுக்குள்ள டவரு கெடைக்காது" என்றாள் ராஜாம்பாள். "பத்து மணி போனுக்குனு ஒம்பதரைக்கே பாற மேல ஏறி உக்காந்துக்குவேன். எங்க வூட்டு ஆளு, எவன்கிட்ட பேசறதுக்கு இப்படி ஏறிகினு போறன்னுச்சு. உன்கிட்ட பேசறதுக்கு பாற ஏறணுமா இன்னா, பேசு, இங்கியே கேக்கறேன்னேன். வாயே தொறக்கல."

அமிர்தம் சிரித்தாள். பிறகு, "எனக்கு பதிமூணு நாளா போனே வர்ல அக்கா" என்றாள்.

"அய்ய, எனக்கு தெனமும் வருதே! அது கெடக்குது, உனுக்கு கால் எரியுதா?"

"எரியுதாவா? நெருப்ப மிதிச்ச மாதிரி இருக்கு. ஈரத்துணிய சுத்திகினுதான் படுக்கறேன். அவருக்குத் தெரியாது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. போன்ல சொன்னேன். ஒடனே ஒரு வாரம் நிறுத்திட்டு, மாத்திரய கம்மி பண்ணிட்டாங்க. இப்ப பாரு." அவள் காலை நீட்டிக் காட்டினாள். "எங்க, உன்னுது காட்டு."

அமிர்தம் செருப்பைக் கழற்றினாள். பின்வரிசையிலிருந்து எனக்கும் தெரிந்தது. உள்ளங்கால் முழுக்கச் சிவந்து, குதிகாலில் தோல் உரிந்து, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. அந்தக் காலோடுதான் காலையில் பஸ்ஸுக்கு என் பின்னால் நடந்து வந்தாள். "சீக்கிரம் வா" என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

மடியில் பதிமூன்று பக்கமும் சைபர்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எதிர் டீக்கடையில் மூலை மேசையில் நோட்டை விரித்தேன். முப்பது வருட மனு அனுபவம் சும்மா இல்லை. கை கால் எரிச்சல் என்ற வரியில் சைபரை இரண்டாக மாற்றலாம், மூன்றாகக்கூட மாற்றலாம். நான் போட்ட முதல் பக்கத்தில் ஒரு சைபரை வளைத்தேன். வந்தது என்னவோ ஒரு எட்டு. எட்டு என்று அந்த நோட்டில் ஒன்றும் கிடையாது. அடுத்த பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எரிச்சல் எந்த நாள் ஆரம்பித்தது? பத்தாம் நாளா, பதினைந்தாம் நாளா? முதலில் கையா, காலா? எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்காமல் எழுத முடியாது.

"ஐயா, நீங்க அமிர்தம் அம்மா வூட்டுக்காரரா?"

நிமிர்ந்தேன். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, முன்மண்டையில் இப்போதே முடி கொட்டிப்போன ஒரு பையன். கழுத்தில் தொங்கிய அட்டையில் தமிழழகன் என்று போட்டிருந்தது. நான் மனதில் வைத்து ராப்பகலாக மல்லுக்கட்டிய ஆளுக்கு மீசையெல்லாம் இருந்தது.

"அம்மா வந்திருக்காங்களா? பதிமூணு நாளா அவங்க கொரலே கேக்கல. நான் ரொம்ப பயந்துட்டேன்யா. நேத்து உங்க ஊருக்கே கெளம்பிட்டேன், டாக்டரம்மாதான் நாளைக்கி எப்படியும் வருவாங்க, இருன்னாங்க." அவன் கண் மேசைக்குப் போனது. பேனா, நோட்டு, எட்டு. "இன்னா பண்றீங்க ஐயா?"

வக்கணையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றுதான் வந்தது.

அவன் கத்தவில்லை. கையிலிருந்த டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "வாங்க, உள்ள போய் சொல்லிடுங்க" என்றான்.

சந்தியா டாக்டர் கத்தினார். அமிர்தத்தின் காலைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினார். "காலு இப்படி இருக்கு, நோட்டுல சைபர் போட்டிருக்கு! இன்னும் ஒரு வாரம் இதே மாத்திரய முழுங்கியிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமாய்யா? ரத்தம் பாத்துட்டுத்தான் இவங்கள இதுல வச்சிருக்கறதா வேணாமான்னே சொல்ல முடியும். இன்னொண்ணும் கேளுங்க. இந்த நோட்ட வச்சுதான் அளவு போடப் போறோம். நீங்க போட்ட சைபர நம்பி, நாளைக்கி மலையில ஒரு பொம்பளைக்கு முழு மாத்திரய குடுத்திருப்போம். தாங்குதுன்னு எழுதியிருக்குன்னு குடுத்திருப்போம். ஏன்யா இப்படி பண்ணீங்க?"

அமிர்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இரண்டு பயம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அதில் நல்ல பயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பொறாமைங்க" என்றேன்.

"இன்னாது?" என்றாள் அமிர்தம்.

"இந்தத் தம்பிகிட்ட நீ சிரிச்சு சிரிச்சு பேசுன. எங்கிட்ட பேசல."

டாக்டர் மேசையில் எதையோ தேட ஆரம்பித்தார். தமிழழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஐயா, நான் பதினோரு பேருக்கு போன் பண்றேன்யா" என்றான், பதினோரு கணவன்மாரும் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டவன் போல.

அமிர்தம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

"பதிமூணு நாளா அந்தக் கொட்டாய் பின்னால உக்காந்துகினு, அந்தத் தம்பிகிட்ட நான் இன்னா தப்பா பேசிட்டேன்னு யோசிச்சுகினு இருந்தேன்" என்றாள். "வளவளன்னு பேசறா, இவளுக்கு வேற வேல இல்லன்னு நெனச்சுட்டாங்க போலன்னு நெனச்சேன். கால் எரியறத இன்னிக்கு சொல்றதா வேணாமான்னு பஸ்ஸுல வரும்போது கூட யோசன. சொன்னா மறுபடியும் வளவளன்னு ஆயிடுமோன்னு."

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க கேட்டா, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே பதில சொல்லிடுவீங்க. இந்தத் தம்பி கேட்டுட்டு, நான் முடிக்கற வரைக்கும் சும்மா இருக்குது. அவ்ளோதாங்க. சிரிப்பு கிரிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல."

ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் தமிழழகன் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பதிமூன்று பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட வைத்தான். அடித்துக் கிறுக்கக் கூடாது, எழுதியிருந்தது தெரிய வேண்டும், எட்டும் தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 'இது நோயாளி சொன்னது அல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும். என் வாழ்க்கையிலேயே கண்ணீருடன் தெரிவித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான், அதை எழுத அங்கே இடம் இல்லை.

வெள்ளணு குறைந்திருந்தது, ஆனால் ஆபத்தான அளவுக்குக் குறையவில்லை. ஒரு வாரம் மாத்திரை நிறுத்தம், காலுக்குக் களிம்பு, பிறகு குறைந்த அளவில் தொடரலாம். "அந்த பதிமூணு நாள் எங்களுக்கு இல்லாத நாள்தான்" என்றார் டாக்டர். "ஆனா உங்கள வெளிய அனுப்ப வேண்டியதில்ல. அம்மா, நீங்கதான் சொல்லணும். தொடர்றீங்களா?"

எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அமிர்தம் அவசரப்படவில்லை. களிம்புக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை, விட்டதும் இல்லை.

"தொடர்றேன்" என்றாள். "அந்த மலைக்கார அக்கா பாற ஏறிகினு சொல்லுது. எனுக்கு கொட்டாய் வரைக்கும் நடக்கறதுக்கு இன்னா? ஆனா எனுக்குன்னு தனியா ஒரு போன் வேணும். அவரு தொடக் கூடாது."

அன்றே வாங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், பட்டன் வைத்த சின்ன போன். கூட வந்த தமிழழகனே தன் நம்பரை முதலில் பதிந்து கொடுத்தான். இரண்டாவது நம்பர் ராஜாம்பாள். மூன்றாவதாக என்னுடையதைப் போடட்டுமா என்று கேட்டேன். "வூட்லதான இருக்கீங்க" என்றாள்.

கச்சிராயபாளையம் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அவளுக்கு இலவசம், எனக்கு டிக்கெட். கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கரும்புத் தோட்டங்கள் வந்தன. அப்புறம் கேட்டேன்.

"எப்பலேருந்து எரியுது?"

"நோட்டுல எழுதறதுக்கா?"

"இல்ல. கேக்கறேன்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் நாலு பதில் தயாராக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இது எவ்வளவு கஷ்டம் என்று மனு எழுதாதவர்களுக்குத் தெரியாது.

"மொதல்ல கைதான்" என்று ஆரம்பித்தாள். "பதினோராம் நாளோ பன்னெண்டோ. மொளகா கிள்ளுனதுனு நெனச்சேன்..." மிளகாயிலிருந்து சோறு வடிக்கும் குண்டானுக்குப் போனாள், அதைக் கீழே போட்டதற்கு நான் திட்டியதற்குப் போனாள், தூக்கம் வராமல் நாலு மணிக்கு உட்கார்ந்ததற்குப் போனாள். அங்கிருந்து அவள் அம்மா. அவள் அம்மாவுக்கும் மார்பில் கட்டி இருந்ததாம், யாரிடமும் சொல்லாமல் மாராப்பில் மறைத்துக்கொண்டே செத்துப்போனாளாம். எனக்கு இது தெரியாது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று உள்ளே ஒரு முள் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. போனது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கண்டக்டர் தெரிந்த பையன், எட்டிப் பார்த்தான். "பெருசு, ஊரு தாண்டிடுச்சே, எறங்கலியா?"

"எனக்கு மட்டும் கடேசி ஸ்டாப்பு வரைக்கும் ஒரு டிக்கெட் குடுப்பா" என்றேன், குரலைத் தாழ்த்தி. "திரும்பி வர்றதுக்கும் சேத்து. அவ இன்னும் முடிக்கல."